தண்ணீர் அபூதாஹிரின் பங்கு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், வெயில் ஏறுவதற்கு முன்னர், இறக்கக்கண்டிக்கு மேற்கே காட்டோரமாக நிற்கும் கொக்குமலையில் நான்கு நண்பர்கள் ஏறுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. மீசை அரும்பாத வயதில் ஓடி ஏறியவர்கள், இப்போது முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு ஏறினார்கள். போர்க்காலத்தில் மலை அடைக்கப்பட்டிருந்த ஆண்டுகளிற்கூட அவர்கள் வழக்கத்தைக் கைவிடவில்லை. முட்கம்பிக்கு இப்பால் வீதியோரத்தில் அடுப்பு மூட்டித் தேநீர் குடித்து, மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அந்த வழக்கத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. முதலாண்டில் சீட்டுப் போட்டுச் சுமைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். விறகும் கேத்தலும் இராகுலனுக்கு, தேயிலையும் சீனியும் இஞ்சியும் குவளைகளும் றுவைஸுக்கு, பெருநாட் பலகாரம் றஊபுக்கு, தண்ணீர் அபூதாஹிருக்கு. அந்தப் பங்கு அதன் பின்னர் ஒருபோதும் மாறவில்லை. ஒருவருடைய பங்கை மற்றொருவர் தொட்டால் அந்த ஆண்டின் தேநீர் தேநீரே அல்ல என்பது அவர்களது தீர்ப்பு. ஒருமுறை றுவைஸ் சோடாப் போத்தல் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தபோது, மூவரும் அவரைப் பிடித்து இருத்தி, கடைசிச் சொட்டுவரை பாறையில் ஊற்றுவித்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும் நாளடைவில் வழக்கத்தில் சேர்ந்துகொண்டது.

உச்சியில் தேநீரை ஊற்றிக் கொடுக்கும் உரிமை தண்ணீர் சுமந்தவருக்கே உரியது. ஏனையோர் குடித்து முடித்த பின்னர்தான் அவர் குடிப்பார். சுமைகளுள் மிகப் பாரமானது தனக்கு விழுந்ததென்று முதலாண்டில் அழுதவர் அபூதாஹிர். பிற்காலத்தில் அதுவே அவருடைய பெருமையாயிற்று. புல்மோட்டை வீதியில் ஆயுள் முழுவதும் பஸ் ஓட்டிய மனிதர் அவர். எந்தக் கூட்டத்திலும், "நான் போகாட்டி இவனுகளுக்குத் தொண்டை நனையாது" என்று மார்தட்டிச் சொல்வார்.

அந்த அபூதாஹிர், ஒரு மாரிகாலத்துப் பின்னேரம், றஊபின் வலைக்கடைக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி, இடமும் வலமும் பார்த்தபடி மழையில் நின்றார். கடையிலிருந்து அவருடைய வீடு கூப்பிடு தூரம். எனினும் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. றஊப் குடையை எடுத்துக்கொண்டு ஓடிச் சென்று, ஒன்றும் கேளாமல், தோளில் கைபோட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டார். பின்னர் அபூதாஹிரின் மனைவி ஜெஸீமாவும் றஊபுமாக அவரைத் திருகோணமலை நகரத்தில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். ஞாபகம் சிறிது சிறிதாகக் கரைந்து போகும் என்றும், கரைந்தது மீளாது என்றும் வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்.

திரும்பி வரும் வழியில், உப்புவெளி தாண்டியதும் அபூதாஹிர் றஊபின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"றுவைஸுக்கு நாக்குச் சும்மா கிடக்காது. இராகுலன் அழுதுபோடுவான். இந்தப் பெருநாளைக்கு மலைக்குப் போய் இறங்கும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாத, மச்சான். அவனுகள் என்னைப் பாவம் பாத்துக்கொண்டு பின்னால வந்தா, எனக்கு ஏற ஏலாது."

றஊப் வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து பெருநாள் வரையுள்ள மாதங்களை அவர் ஒரு காவற்காரனைப் போலக் கழித்தார். அபூதாஹிர் ஒரு பெயரைத் தேடித் தடுமாறினால், அந்தப் பெயரைத் தற்செயலாகச் சொல்வதுபோல் முந்திச் சொன்னார். சொன்ன கதையையே அவர் மீண்டும் சொன்னால், புதிதாகக் கேட்பவர்போல் வியந்தார். மலையிலிருந்து ஒருமுறை மானத்தோடு இறக்கிவிட்டால் போதும், மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

பெருநாளுக்கு மறுநாள் விடிந்தது. றுவைஸ் தமது மீன் லொறியைக் கழுவிக் கொண்டுவந்து அபூதாஹிரின் வீட்டுப் படலையில் நிறுத்தினார். எவ்வளவு கழுவியும் போகாத வாடையைப் பற்றி, உப்புவெளியிலிருந்து வந்திருந்த இராகுலன் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு முறைப்பாடு செய்தார். காணிக் கந்தோரில் கோப்பு எழுதிக் கதிரைக்குச் சூடேற்றியவனுக்கு உழைப்பின் வாசம் எங்கே விளங்கப்போகிறது என்று றுவைஸ் திருப்பிக் கொடுத்தார். அபூதாஹிர் மஞ்சள் நிறத் தண்ணீர்க் கானைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புதுச் சாரமும் தொப்பியுமாக, மாப்பிள்ளைபோல் வந்தார்.

ஜெஸீமா படலையோரமாக நின்று றஊபிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கண்ணுக்குள்ள வச்சுப் பாருங்க, நானா. நேத்துப் பின்னேரத்திலிருந்து அந்தக் கானைக் கழுவுறதும் கவிழ்க்கிறதும்தான் வேலை. என்னைத் தொடவே விடுறார் இல்ல."

அந்த வார்த்தை றஊபின் மனத்தில் அப்போது தைக்கவில்லை. அடிவாரத்தில் லொறி நின்றதும், மற்றவர்கள் இறங்கிக் கைகால்களை உதறிக்கொண்டிருந்த வேளையில், அவர் பின்தட்டிலிருந்து கானை இறக்கினார். இறக்கிய கை விசையோடு மேலெழுந்தது. கான் பஞ்சுபோல் இருந்தது.

அபூதாஹிர் கழுவினார், கவிழ்த்தார், நிறைக்க மறந்து போனார்.

பனைகளுக்கு அப்பால், சேனைப் பயிர் செய்பவர்கள் வெட்டிய கிணறு ஒன்று இருந்தது. றஊப் கானைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் அந்தப் பக்கம் நடந்தார். மூடியைத் திறந்து, வாளியின் கயிற்றில் கை வைத்தார். அதற்குள் முதுகுப்புறத்தில் காலடி கேட்டது.

"டேய், என்ட பங்கில உனக்கென்ன வேலை?" என்று அபூதாஹிர் கானைப் பறித்து, மூடியைத் திருகினார்.

மூடி சரியாக இறுகவில்லை, பார்க்கலாம் என்று எடுத்தேன் என்றார் றஊப். ஸுபஹுத் தொழுதுவிட்டுத் தன் கையாலேயே நிறைத்து, தன் கையாலேயே இறுக்கியதாக அபூதாஹிர் சத்தியம் செய்தார். தூரத்தில் நின்ற றுவைஸ், பலகாரக்காரனுக்குத் தண்ணீர்மேல் ஆசை வந்துவிட்டது, சோடாவை ஊற்றியதுபோல் இவனையும் பாறையில் ஊற்ற வேண்டும் என்று கத்தினார். இராகுலன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே, கான் வெறுமையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால், இத்தனை மாதமாக மூடிக் காத்தது அந்த இடத்திலேயே உடைந்து சிதறும். சொல்லாவிட்டால், உச்சியில் உடையும். ஏறும் வழியில் ஏதேனும் ஒரு வழி பிறக்கும் என்று றஊப் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு அபூதாஹிர் ஏறிய அழகை றஊப் பின்னர் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற மனிதருக்கு மலையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்திருந்தது. இந்தப் பாறை வழுக்கும், அந்த வேர் பிடித்தால் வராது, இந்த இடத்தில் இராகுலனின் செருப்பு அறுந்தது என்று சொல்லிச் சொல்லி முன்னே போனார். கச்சான் காற்று சுடச்சுட வீசியது. வழியிற் குந்தி இளைப்பாறியவர்களை அவர் பஸ் நடத்துனர்போல் அதட்டி எழுப்பினார். அவருக்குப் பின்னால் நடந்த றஊபுக்கு, கயிற்றில் தொங்கிய அந்த மஞ்சள் கான்தான் கண் நிறையத் தெரிந்தது. அது காற்றுக்கு இலேசாக ஆடியது. அபூதாஹிரின் முதுகோ, வழக்கமான பாரத்துக்கு வளைவதுபோல, நன்றாகக் குனிந்திருந்தது. இடையிடையே கானை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றி, பெருமூச்சும் விட்டார்.

உச்சியை அடைந்தார்கள். கிழக்கே கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. தெற்கே, புகையினூடாகத் துறைமுகத்து வாயிலில் நின்ற கப்பல் ஒன்று தெரிந்தது. இராகுலன் கற்களைக் கூட்டி விறகை மூட்டினார். றுவைஸ் குவளைகளைத் துடைத்து வரிசையாக வைத்தார். றஊப் பெருநாட் பலகாரமான தொதலை அவிழ்த்து விரித்தார். அபூதாஹிர் பிஸ்மில்லாஹ் சொல்லி, மூடியைத் திறந்து, கேத்தலின் மேல் கானைச் சரித்தார்.

ஒன்றும் விழவில்லை. அவர் இன்னும் சரித்தார். தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். ஒரு துளி வந்து கேத்தலின் விளிம்பில் நின்றது.

இராகுலனும் றுவைஸும் வேடிக்கை என்று நினைத்துக் காத்திருந்தார்கள். அபூதாஹிர் கானுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு தமது இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு தலை நிமிர்த்தி றஊபைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம். இருட்டில் தனியே விடப்பட்ட பிள்ளையின் பயம்.

"ஊத்தினது நான்," என்றார் றஊப்.

மூவரும் திரும்பினார்கள்.

"கிணத்தடியில மூடியைத் திறந்து பாத்தனான். கை வழுக்கிக் கவிண்டு போச்சு. திருப்பி நிறைக்க வாளியைப் பிடிக்க, இவன் வந்து பறிச்சுப் போட்டான். நீங்க எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்க. எனக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

பொய்யில் பாதி உண்மையாக இருந்தபடியால் அது உடனே நம்பப்பட்டது. இந்த வயதில் இப்படியும் ஒரு வெட்கமா என்று றுவைஸ் வாய்க்கு வந்தபடி ஏசினார். இராகுலன் மூட்டிய நெருப்பை ஒரு கல்லால் நசுக்கி அணைத்தார். அபூதாஹிரின் முகத்தில் இருந்த பயம் மெல்ல மெல்ல வடிந்தது. தான் மறக்கவில்லை, தன் கை தவறவில்லை, தண்ணீர் இருந்தது. அந்த நிம்மதி அவருடைய முகத்தில் பரவியதை றஊப் கண்ணாற் கண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று மனத்துக்குள் சொல்லவும் செய்தார். ஆனால் நிம்மதி அந்த முகத்தில் நிற்கவில்லை. அது சிவந்து, இறுகி, கோபமாக மாறியது.

"இத்தனை வருசமா இந்த மலையில தண்ணி குறைஞ்சதா? நான் தோள் முறியச் சுமந்து வந்தனான். சும்மா கானைச் சுமக்க விட்டுட்டு, பின்னால பாத்துக்கொண்டு வந்திருக்கிறாய். நீயெல்லாம் ஒரு கூட்டாளி."

இறங்கும் வழி ஏறிய வழியை விடக் கொடியதாக இருந்தது. தொதல் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. சீனி வியாதிக்காரரான இராகுலனுக்குப் பாதி வழியில் கண் இருண்டு, றுவைஸ் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று. கிணற்றடியில் அபூதாஹிர் தண்ணீர் அள்ளி இராகுலனுக்கு வார்த்தார், றுவைஸுக்கு வார்த்தார், றஊப் கையேந்தி நின்றபோது வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு விலகிப் போனார். லொறியில் ஏறுமுன் திரும்பி, இனிமேல் தன் வீட்டுப் படியில் காலெடுத்து வைக்கக்கூடாது என்று சொன்னார். றஊப் தலையாட்டினார். ஓரிரு நாளில் மறந்து விடுவார் என்று, அந்த நோயை நம்பியே அவர் ஆறுதல் கொண்டார்.

நோய் மற்ற எல்லாவற்றையும் எடுத்தது. அந்தக் கோபத்தை மட்டும் எடுக்கவில்லை.

சில வாரங்களின் பின்னர் ஜெஸீமா கடைக்கு வந்து, வலைச் சுருள்களுக்கிடையில் நின்றபடி அழுதாள். றுவைஸின் பெயர் போய்விட்டது. வந்து பார்த்த இராகுலனை நடத்துனர் என்று எண்ணி, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டாராம். வெளிநாட்டிலிருந்து பேசிய மகள் ஷிஃபானாவை, ஆர் பிள்ளை என்று கேட்டாராம். நாள் முழுவதும் முற்றத்துக் கதிரையில், எங்கேயோ பார்த்தபடி இருக்கிறார்.

"உங்கட பேரைச் சொன்னா மட்டும்தான், நானா, எழும்பி நிமிர்ந்து இருக்கிறார். மலை, கான், கிணறு எல்லாம் ஒழுங்கா வருது. ஏசுறதுக்காக எண்டாலும் ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் றஊப் போனார். தூரத்திலேயே கண்டு, அபூதாஹிர் கதிரையின் கைகளைப் பிடித்து எழுந்தார். வாடியிருந்த கண்களில் வெளிச்சம் வந்தது.

"வந்துட்டான், தண்ணிக் கள்ளன்."

பிறகு தொடங்கினார். சீட்டுப் போட்ட கதை, அழுத கதை, சோடாப் போத்தல், வழுக்குப் பாறை, இராகுலனின் செருப்பு, எல்லாம் வரிசை தவறாமல் வந்தன. எல்லாம் வந்து, றஊப் ஊற்றிய தண்ணீரில் போய் முடிந்தன. ஏசி ஏசிக் களைத்ததும் படலையைக் காட்டி, போடா என்றார். றஊப் போனார், அடுத்த வெள்ளியும் வந்தார். மற்றைய நாட்களில் அபூதாஹிர் என்றொருவர் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வேறு எவரையும் அறியாத மனிதர் தம்மை அறிகிறார் என்பதற்காக, றஊப் அந்த ஏச்சைப் பெருநாள் வாழ்த்தைப்போல் நின்று வாங்கிக்கொண்டார்.

இதற்குள் நோய் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு நாள் றுவைஸ் கடைக்கு வந்து, சற்று நேரம் கயிறுகளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு அந்தக் கான், மச்சான். அவன் நிறைக்கவேயில்லை, என்ன?"

"ஊத்தினது நான்தான்," என்றார் றஊப்.

"இப்பவும் என்னட்டப் பொய் சொல்லாத. உண்மையை அவனுக்குச் சொல்லிப்போடு. உன்ட பேரில ஏன் இந்தப் பழி?"

றஊப் தராசுத் தட்டைத் துடைத்தார். அதைச் சொன்னால் அபூதாஹிரிடம் பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்டார்.

ஆனால் கோபமும் கரையும் பொருள்தான். மாரி வந்தது, அபூதாஹிரின் ஏச்சிலிருந்து சோடாப் போத்தல் உதிர்ந்தது. மாரி போனது, செருப்பும் வழுக்குப் பாறையும் போயின. பிறகு கிணறு போயிற்று. நோன்பு மாதத்தில், தண்ணிக் கள்ளன் என்ற சொல் மட்டும் எஞ்சியது. அதற்குப் பிறகு, விரலை நீட்டிக் காட்டி, சொல்லைத் தேடி, கிடைக்காமல் விரலை மடக்கிக்கொண்டார். அந்த விரலுக்காகவும் றஊப் போனார்.

மீண்டும் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மறுநாட் காலையில் றுவைஸும் இராகுலனும் லொறியோடு கடைவாசலில் வந்து நின்றார்கள். இராகுலன் விறகு கட்டியிருந்தார். அபூதாஹிரின் தண்ணீர்ப் பங்கை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் மலைக்குப் போய் என்ன செய்வது என்று கடைசியில் இராகுலனே சொல்லி, விறகை இறக்கி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தார். றஊப் பலகாரப் பொதியை எடுத்துக்கொண்டு அபூதாஹிரின் வீட்டுக்கு நடந்தார்.

முற்றத்துக் கதிரையில் அபூதாஹிர் இருந்தார். ஜெஸீமா தண்ணீர் நிறைத்து வைத்திருந்த செம்பும் குவளையும் பக்கத்து வாங்கில் இருந்தன. றஊப் படலையைத் திறந்து வந்து, அவருடைய பார்வையில் படும்படி நின்றார். அபூதாஹிர் எழவில்லை, விரல் நீளவில்லை. றஊப் காத்திருந்தார். பிறகு அருகே போய்க் குந்தி, அந்த முகத்தைப் பார்த்து, தாமே தொடங்கிக் கொடுத்தார்.

"மச்சான், நான்தான். கொக்குமலையில உன்ட தண்ணியை ஊத்தினவன்."

அபூதாஹிர் அவரை நிதானமாகப் பார்த்தார். அறியாத விருந்தாளியைப் பார்க்கும் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"தண்ணிதானே," என்றார். "அதுக்கென்ன. வெயிலில வந்திருக்கிறீங்க. இரிங்க."

ஏசடா என்ற சொல் றஊபின் வாய்வரை வந்தது. குசினி வாசலில் நின்ற ஜெஸீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அபூதாஹிர் செம்பைத் தூக்கி, சிந்தாமல், மெல்ல மெல்லக் குவளையில் வார்த்தார். அதை றஊபின் கையில் வைத்து, குடியுங்கள் என்று கையாற் காட்டினார்.

றஊப் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரைக்கும் அபூதாஹிர் செம்பை மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையாகப் பார்த்திருந்தார். குவளை வெறுமையாகித் திரும்பி வந்த பின்னர்தான், செம்பை உயர்த்தி, மீதியிருந்ததைத் தாம் குடித்தார்.